சீரியல் நடுவில் வரும் சிப்ஸ், சாக்லேட் விளம்பரங்கள் மகளின் சாப்பாட்டையே மாற்றுகின்றன. என்ன செய்யலாம்?

தாமிரபரணிக்காரி (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். என் மகளுக்கு ஆறு வயது, ஒன்றாம் வகுப்புப் படிக்கிறாள். பாளையங்கோட்டையில் கூட்டுக் குடும்பமாக இருக்கிறோம். சாயங்காலம் ஆறரைக்கு அத்தை டிவியைப் போட்டால் ஒன்பதரை வரை வரிசையாக சீரியல்தான். வீட்டில் டிவி ஹாலில், சாப்பாடு ஹாலில், வீட்டுப்பாடமும் அங்கேதான், அதனால் அவளைத் தனியாக எங்கேயும் உட்கார வைக்க முடியாது. நான் கவனித்த ஒரு விஷயம், சீரியல் ஓடும்போது அவள் நோட்டிலிருந்து தலையை நிமிர்த்துவதே இல்லை, விளம்பரப் பாட்டு வந்ததும் நிமிர்ந்து பார்ப்பாள். சிப்ஸ், சாக்லேட், நூடுல்ஸ், பாலில் கலக்கும் பவுடர் என எல்லாப் பாட்டும் மனப்பாடம்.

போன வருடம் வரை பள்ளி விட்டு வந்ததும் சுண்டலோ வாழைப்பழமோ, சீசனில் அவித்த பனங்கிழங்கோ கொடுத்தால் சாப்பிடுவாள். இப்போது தட்டைத் தள்ளிவிட்டு, டிவியில் வந்த பெயரை அப்படியே சொல்லி, அதுதான் வேண்டும் என்கிறாள். மாமா பேத்தி மேல் உயிரையே வைத்திருக்கிறார், ஐந்து ரூபாய்தானே என்று வாங்கிக் கொடுத்துவிடுகிறார். ராத்திரி தோசை வைத்தால் பாதிகூட இறங்குவதில்லை.

குழந்தைகள் சேனல்களை நாங்கள் எப்போதோ நிறுத்திவிட்டோம். அப்படியும் இப்படி என்றால், இது விளம்பரத்தால்தானா, இல்லை அந்த ருசிக்குப் பழகிவிட்டாளா? இதற்கெல்லாம் அரசாங்கத்தில் விதி எதுவும் கிடையாதா? அத்தை மனம் கோணாமல் இதை எப்படிச் சொல்வது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கோவை டயட்டீஷியன்

தங்கச்சி, ருசியும் காரணம்தான். உப்பும் எண்ணெயும் சர்க்கரையும் சேர்ந்தால் எந்தப் பிள்ளைக்கும் பிடிக்கும். ஆனால் எந்த நேரத்தில் கேட்கும், எவ்வளவு தின்னும் என்பதில் விளம்பரத்துக்குத் தனிப் பங்கு இருக்கிறது. யாரோ ஊகித்துச் சொன்னதல்ல, சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 2009-இல் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 7 முதல் 11 வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு கார்ட்டூன் போட்டுக் காட்டினார்கள். ஒரு பகுதியினருக்கு நடுவில் தின்பண்ட விளம்பரம், மற்றவர்களுக்கு வேறு பொருள்களின் விளம்பரம். எல்லோர் முன்னாலும் ஒரே வகை உப்பு பிஸ்கட் ஒரு கிண்ணத்தில். தின்பண்ட விளம்பரம் பார்த்தவர்கள் 45 சதவீதம் கூடுதலாகத் தின்றிருக்கிறார்கள். இதில் முக்கியம் என்னவென்றால் கிண்ணத்தில் இருந்தது விளம்பரத்தில் காட்டிய பண்டமே இல்லை. அதாவது விளம்பரம் ஒரு பிராண்டை மட்டும் விற்பதில்லை, பசி இல்லாத நேரத்திலும் கைக்கு எட்டியதை வாயில் போட வைக்கிறது.

இன்னொன்று, 2007-இல் 3 முதல் 5 வயதுப் பிள்ளைகளிடம் நடந்தது. ஒரே உணவை இரண்டாகப் பிரித்து, ஒன்றைச் சாதாரணத் தாளிலும் மற்றொன்றை மெக்டொனால்ட்ஸ் தாளிலும் சுற்றிக் கொடுத்தார்கள். அந்தத் தாளில் இருந்ததுதான் ருசி என்று நிறையப் பிள்ளைகள் சொன்னார்கள், கேரட்டுக்கும் பாலுக்கும்கூட. வீட்டில் டிவிப் பெட்டிகள் அதிகம் உள்ள பிள்ளைகளிடம் இது இன்னும் கூடுதலாகத் தெரிந்தது. ருசி என்று நாம் நினைப்பதிலேயே விளம்பரம் கலந்திருக்கிறது, அதனால் உன் கேள்வியில் உள்ள இரண்டையும் பிரிப்பது கஷ்டம்.

வயதையும் பார்க்க வேண்டும். நான்கைந்து வயது வரை நிகழ்ச்சி எது, விளம்பரம் எது என்றே பிள்ளைகளுக்குப் பிரித்துத் தெரியாது. ஏழெட்டு வயது வரை, இதைக் காட்டுபவர்கள் நம்மை வாங்க வைக்கத்தான் காட்டுகிறார்கள் என்பது புரியாது. டிவி சொன்னால் உண்மை, அவ்வளவுதான். அமெரிக்க உளவியல் சங்கம் 2004-லேயே எட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களைக் குறிவைக்கும் விளம்பரங்களைக் கட்டுப்படுத்தச் சொன்னது இதனால்தான். உன் மகளுக்கு ஆறு வயது, அவளிடம் 'விளம்பரத்தை நம்பாதே' என்று சொன்னால் ஏறாது.

நானும்தான் பார்க்கிறேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று அத்தை கேட்கலாம். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பல சோதனைகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்து 2016-இல் வந்த ஆய்வில், உணவு விளம்பரம் பார்த்த பெரியவர்கள் சாப்பிடும் அளவு கூடவில்லை, பிள்ளைகளுக்குத்தான் கூடியது. ஒரே ஹாலில் ஒரே விளம்பரத்தைப் பார்த்தாலும் இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை.

ஈரோட்டு அப்பா

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். நாம் சின்னப் பிள்ளையாக இருந்தபோதும் மிட்டாய் விளம்பரம், பிஸ்கட் விளம்பரம் எல்லாம் வந்தது. கேட்டோம், இல்லை என்றார்கள், அழுதோம், அதோடு முடிந்தது. இப்போது அழுகையைத் தாங்க நமக்குத்தான் பொறுமை இல்லை. என் இரண்டு பையன்களுக்கும் கடைப் பாக்கெட் வீட்டுக்குள் வராது என்று முடிவு செய்தோம். முதலில் ரகளைதான், அப்புறம் கேட்பதையே விட்டுவிட்டார்கள். கம்பெனியைத் திட்டிக்கொண்டே இருந்தால் நம் வேலை நடக்காது சகோதரி. மாமா வாங்கிக் கொடுப்பது நின்றால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும், உங்கள் கணவர்தான் அவரிடம் பேச வேண்டும்.

பள்ளிக்கூடத் தெரு கடை

ஈரோட்டு சார் சொல்வது வீட்டுக்குள் சரி. நான் ஒரு நடுநிலைப் பள்ளிக்குப் பக்கத்துத் தெருவில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன், அங்கே நான் பார்ப்பதைச் சொல்கிறேன். காலையில் எட்டரை மணிக்கு ஐந்து ரூபாய், பத்து ரூபாய் நாணயத்தோடு வருகிற பிள்ளைகளுக்குப் பக்கத்தில் அப்பா அம்மா யாரும் இருப்பதில்லை. நிறையப் பேருக்கு இரண்டு பேரும் விடியற்காலையிலேயே வேலைக்குப் போய்விடுவார்கள், எதையாவது வாங்கிக்கோ என்று கையில் காசைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். இப்போது அரசுப் பள்ளிகளில் 2022-லிருந்து காலை உணவுத் திட்டம் வந்த பிறகு, பொங்கலோ உப்புமாவோ சூடாகக் கிடைக்கிறது, அது பெரிய விஷயம். ஆனாலும் அந்த ஐந்து ரூபாய் கடைக்குத்தான் வருகிறது.

புது விளம்பரம் டிவியில் வந்தால் எனக்கு அது பிள்ளைகள் மூலமாகத்தான் தெரியும். சரக்கு லைன் வண்டியில் வருவதற்கு முன்னாலேயே பெயர் சொல்லிக் கேட்பார்கள். இல்லை என்று ஒரு வாரம் சொன்னால் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள், அதனால் நானும் வாங்கித் தொங்கவிட வேண்டியிருக்கிறது. சரமாக வாசலில் தொங்குவதெல்லாம் பிள்ளைகளின் கண் உயரத்துக்கு வரும்படிதான் இருக்கும், சேல்ஸ்மேன் வந்து அவரே மாட்டிவிட்டுப் போவார். கூல்டிரிங்க்ஸுக்கு ஃபிரிட்ஜே கம்பெனி தருகிறது, அவர்கள் பாட்டில்தான் முன்வரிசையில் இருக்க வேண்டும் என்று சொல்லித்தான் தருகிறார்கள். ஐந்து ரூபாய் விலையை மட்டும் எந்தக் கம்பெனியும் லேசில் மாற்றாது, பாக்கெட்டுக்குள் இருக்கும் கிராம்தான் குறையும். ஏனென்றால் அந்த நாணயம் பிள்ளையின் கையில் இருக்கிற நாணயம். உள்ளே ஸ்டிக்கர், டாட்டூ ஏதாவது போட்டால் இன்னும் வேகமாகப் போகும்.

அதே மேசையில்தான் கோவில்பட்டி கடலை மிட்டாய் டப்பாவும் வைத்திருக்கிறேன். அதற்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, விலையும் அதிகமில்லை, ஆனால் பிள்ளைகள் தானாகக் கேட்பது அபூர்வம். தாத்தா பாட்டிகள்தான் வாங்குகிறார்கள். அதற்காக எந்த நடிகரும் டிவியில் ஆடவில்லை.

நுகர்வோர் பக்கம்

விதி உண்டா என்ற கேள்விக்கு வருகிறேன். நான் நுகர்வோர் வழக்குகள் பார்க்கிற வக்கீல். விதி இருக்கிறது, ஆனால் உங்கள் ஹாலுக்கு அது வந்து சேரவில்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூன் மாதம் தவறான விளம்பரங்களுக்கு எதிராக வழிகாட்டு விதிகள் கொண்டுவந்தது. அதில் குழந்தைகளைக் குறிவைக்கும் விளம்பரங்களுக்கு ஒரு தனிப்பகுதி. சிப்ஸ், கார்பனேற்றிய குளிர்பானம் போன்ற ஜங்க் ஃபுட் விளம்பரங்களைக் குழந்தைகளுக்கான நிகழ்ச்சியிலோ, குழந்தைகளுக்கு மட்டுமேயான சேனலிலோ காட்டக்கூடாது என்று தெளிவாக எழுதியிருக்கிறது. மீறினால் முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரை அபராதம், திரும்பச் செய்தால் 50 லட்சம் வரை.

ஓட்டை எங்கே என்றால், ஏழு மணி சீரியல் குழந்தைகள் நிகழ்ச்சி கிடையாது, கிரிக்கெட்டும் கிடையாது. நம் ஊரில் பிள்ளைகள் டிவி பார்ப்பதே பெரியவர்களோடு உட்கார்ந்துதான். சகோதரி குழந்தைகள் சேனலை நிறுத்தியது நல்லதுதான், ஆனால் சட்டம் கொஞ்சமாவது காவல் காக்கிற இடம் அது ஒன்றுதான், மற்ற இடமெல்லாம் திறந்து கிடக்கிறது. கேபிள் டிவி விதிப்படி மணிக்கு 12 நிமிடம் வரை விளம்பரம் போடலாம். மூன்று மணி நேர சீரியலில் கணக்குப் போட்டால் 36 நிமிடம் வரை போகும். எல்லாம் தின்பண்டம் இல்லை, ஆனால் தினமும் வருகிறது.

இரண்டாவது ஓட்டை, ஜங்க் ஃபுட் என்றால் 100 கிராமில் எவ்வளவு சர்க்கரை, எவ்வளவு உப்பு இருந்தால் ஜங்க் என்று அந்த விதியில் எந்த அளவும் சொல்லவில்லை. சிப்ஸ் என்று பெயர் இருந்தால் பிடிக்கலாம், சர்க்கரை நிறைந்த பவுடரை ஊட்டச்சத்து பானம் என்று காட்டினால் வாதாட வேண்டியிருக்கும்.

கடைக்கார அண்ணன் கவனத்துக்கு, உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 விதிப்படி கொழுப்பு, உப்பு, சர்க்கரை அதிகமுள்ள பண்டங்களைப் பள்ளி வளாகத்திலும் கேட்டிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கவோ விளம்பரம் செய்யவோ கூடாது. புகையிலைக்கு 100 கெஜம் என்பது எல்லோருக்கும் தெரிகிறது, போர்டு வைத்திருக்கிறார்கள், அதிகாரி வந்து கேட்கிறார். இந்த 50 மீட்டரை அளந்து பார்க்க யாரும் வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

என் கருத்து, சேனலைப் பார்த்துத் தடை போடுவதைவிட கடிகாரத்தைப் பார்த்துப் போட வேண்டும். சிலி நாட்டில் 2018-லிருந்து, சர்க்கரை, உப்பு, கொழுப்பு போன்றவை அதிகம் என்று பாக்கெட்டில் கறுப்பு எச்சரிக்கை முத்திரை வாங்கிய உணவுகளைக் காலை 6 முதல் இரவு 10 வரை எந்த நிகழ்ச்சியிலும் காட்டக்கூடாது. பிரிட்டனில் 2026 ஜனவரியிலிருந்து இரவு 9 மணிக்கு முன் ஜங்க் ஃபுட் விளம்பரம் டிவியில் கிடையாது, ஆனால் பொருளைக் காட்டாமல் பிராண்ட் பெயரை மட்டும் காட்டுவதை அனுமதித்துவிட்டார்கள், அது ஒரு குறைதான். இந்தியாவிலும் 2026 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் வைத்த பொருளாதார ஆய்வறிக்கையில், அதிகம் பதப்படுத்திய உணவுகளின் விளம்பரத்தைக் காலை 6 முதல் இரவு 11 வரை தடை செய்வதைப் பரிசீலிக்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். ஆய்வறிக்கை சட்டம் ஆகாது. ஆனால் அரசின் அறிக்கையிலேயே இது வந்திருக்கிறது என்பதை நாம் பிடித்துக்கொள்ளலாம்.

ஈரோட்டு சார், வீட்டில் இல்லை என்று சொல்வது அவசியம், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஒரு பக்கம் கோடிக்கணக்கில் செலவு செய்து ஆட்களை வைத்து விளம்பரம் எடுக்கிறார்கள், மறுபக்கம் மாமனார் மாமியாரை எதிர்த்துப் பேச முடியாத ஒரு மருமகள். இதைச் சமமான போட்டி என்று என்னால் ஏற்க முடியவில்லை.

தாமிரபரணிக்காரி

எல்லோருக்கும் நன்றி. வக்கீல் சார் சொன்ன கடைசி வரியை என் கணவருக்குப் படித்துக் காட்டினேன். கோவை அக்கா, பாலில் கலக்கும் பவுடர் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லுங்கள். சிப்ஸ் கெடுதல் என்று அத்தைக்கே தெரியும், அதை வாதாடத் தேவையில்லை. ஆனால் இந்த பவுடர் சத்து என்று உறுதியாக நம்புகிறார், உயரமாக வளர்வார்கள் என்று டிவியில் காட்டுகிறானே என்கிறார். அதோடு மேலே ஒரு ஸ்பூன் சர்க்கரையும் போட்டுக் கொடுக்கிறார்.

கோவை டயட்டீஷியன்

இதுதான் எனக்கு ஓபியில் தினமும் வரும் கேள்வி தங்கச்சி. சிப்ஸ் விளம்பரம் பிள்ளையைப் பார்த்துப் பேசுகிறது, பவுடர் விளம்பரம் அம்மாவையும் பாட்டியையும் பார்த்துப் பேசுகிறது, பிள்ளை படிப்பில் பின்தங்கிவிடுமோ, குள்ளமாக நின்றுவிடுமோ என்ற பயத்தைத் தொடுகிறது. அதனால் இது கஷ்டம்.

டப்பாவின் பின்பக்கத்தைத் திருப்பி, சேர்த்த சர்க்கரை என்ற வரியைப் பார். போர்ன்விட்டாவில் 100 கிராமுக்கு 37.4 கிராம் சேர்த்த சர்க்கரை இருந்தது, 2023-இல் அது பெரிய சர்ச்சையானதும் 32.2 கிராமாகக் குறைத்தார்கள். குறைத்த பிறகும் டப்பாவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சர்க்கரை. 20 கிராம் பவுடர் போட்டால் அதில் மட்டும் ஆறு கிராமுக்கு மேல், அப்புறம் அத்தை போடும் ஒரு ஸ்பூன் இன்னும் நான்கைந்து கிராம். இரண்டு வேளை என்றால் 20 கிராமைத் தாண்டும். 2 முதல் 18 வயது வரை நாள் முழுவதற்கும் சேர்த்த சர்க்கரை 25 கிராமுக்குக் கீழே இருக்க வேண்டும் என்கிறது அமெரிக்க இதயச் சங்கம். 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம், இணையக் கடைகள் இந்த மாதிரிப் பானங்களை ஹெல்த் டிரிங்க் என்ற பிரிவிலிருந்து எடுக்க வேண்டும் என்று சொன்னது, நம் உணவுச் சட்டத்தில் அப்படி ஒரு வகையே கிடையாது. ஹார்லிக்ஸும் அதே மாதம் ஹெல்த் என்ற சொல்லை விட்டுவிட்டு வேறு பெயருக்கு மாறியது. இதை அத்தையிடம் சொல், 'நான் சொல்கிறேன்' என்று இல்லாமல் 'அரசாங்கமே எடுக்கச் சொல்லியிருக்கிறது' என்று சொன்னால் கேட்பார்கள். சத்து பாலில்தான் இருக்கிறது, பவுடர் இல்லாமல் அந்தப் பாலைக் குடித்தாலே போதும்.

வீட்டில் செய்ய வேண்டியது பெரிய மாற்றம் இல்லை. சீரியல் தொடங்குவதற்கு முன், ஐந்தரை மணிக்கே அவள் வயிறு நிறைய ஏதாவது கொடுத்துவிடு. சுண்டல் தாளிக்கும் வேலையை அத்தையிடமே விடு, அவர் கையால் செய்து ஊட்டினால் அவரே அதற்குக் காவல். விளம்பரம் வந்ததும் ரிமோட்டில் சத்தத்தை நிறுத்துவதைப் பிள்ளையின் வேலையாக்கு, ஆறு வயதுக்கு அது பிடிக்கும், பாட்டு காதில் விழாமல் இருந்தாலே பாதி பலம் போய்விடும். மாமா வாங்கித் தருவதை முழுதாக நிறுத்தச் சொல்லாதே, வாரத்தில் ஒரு நாள் என்று வைத்து, பாக்கெட்டைக் கையில் கொடுக்காமல் தட்டில் கொட்டிக் கொடுக்கச் சொல். இரவுச் சாப்பாட்டை மட்டும் அடுக்களைத் திண்ணையிலோ தரையிலோ மாற்ற முடியுமா பார்.

மொன்றியல் வாசி

கனடாவிலிருந்து எழுதுகிறேன். ஊர் யாழ்ப்பாணம், பிள்ளைகள் வளர்ந்தது கியூபெக் மாநிலத்தில். இங்கே 13 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை நோக்கி எந்த வணிக விளம்பரமும் செய்யக்கூடாது என்ற சட்டம் 1980 முதல் நடைமுறையில் இருக்கிறது, சாப்பாட்டுச் சாமானுக்கு மட்டுமல்ல, விளையாட்டுச் சாமானுக்கும்தான். ஒரு பொம்மைக் கம்பெனி வழக்குப் போட்டு, அது கனடா உச்ச நீதிமன்றம் வரை போய், 1989-இல் சட்டம் செல்லும் என்று தீர்ப்பு வந்தது. சின்னப் பிள்ளைகளின் அறியாமையை வைத்து வியாபாரம் செய்வதைத் தடுக்க அரசுக்கு உரிமை உண்டு என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

பலன் இருந்ததா என்று கேட்பீர்கள். 2011-இல் வந்த ஒரு ஆய்வில், பிள்ளைகள் உள்ள கியூபெக் பிரெஞ்சுக் குடும்பங்கள் துரித உணவு வாங்கும் வாய்ப்பு வாரத்துக்குச் சுமார் 13 சதவீதம் குறைந்திருந்தது. ஆங்கிலக் குடும்பங்களில் அவ்வளவு தெரியவில்லை, ஏனென்றால் அவர்கள் பார்ப்பது எல்லைக்கு அப்பாலிருந்து வரும் அலைவரிசைகள், அவற்றுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. வக்கீல் ஐயா சொன்ன ஓட்டைக் கதை இங்கேயும் இருக்கிறது. கடைக் கண்ணாடியில் வைப்பதற்கும் பெட்டியின் மேல் படம் போடுவதற்கும் விலக்குக் கொடுத்திருக்கிறார்கள், அதனால் தானியப் பெட்டி முழுக்கக் கார்ட்டூன்தான்.

ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். என் பிள்ளைகள் சிறுவர் நிகழ்ச்சி பார்க்கும்போது நடுவில் இனிப்புப் பண்டம் வந்து கெஞ்ச வைக்கவில்லை, கடைக்குப் போனால் கேட்டார்கள், வீட்டில் இருக்கும்போது கேட்கவில்லை. பிரச்சினை இருக்கிற இடம் சுருங்கியது, அது எனக்குப் பெரிய ஆறுதல். இப்போது பேரப்பிள்ளைகள் யூடியூப்பில் பார்ப்பது வேறு கதை, அதில் ஒரு பிள்ளை பெட்டியைப் பிரித்துத் தின்று காட்டுவதே அரை மணி நேரம் ஓடுகிறது, அது விளம்பரமா நிகழ்ச்சியா என்று எனக்கே விளங்குவதில்லை.

ஈரோட்டு அப்பா

வக்கீல் சார் சொன்னதை யோசித்தேன், வீட்டில் கண்டிப்பு வேண்டும் என்பதில் மாற்றமில்லை. ஆனால் கடைக்கார அண்ணன் எழுதியதில் காலை எட்டரை மணிப் பிள்ளைகளுக்கு என் பதில் உதவாது. புகார் கொடுக்க வேண்டுமென்றால் எங்கே கொடுப்பது?

நுகர்வோர் பக்கம்

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலும் பேசலாம். குழந்தைகள் சேனலில் சிப்ஸோ கோலாவோ வந்தால் அதுதான் நேரடி மீறல், அதை முதலில் எடுங்கள். சேனல் பெயர், தேதி, நேரம், எந்த நிகழ்ச்சி நடுவில், என்ன பொருள் என்று குறித்துக்கொண்டு, போனில் டிவித் திரையை வீடியோ எடுத்து வையுங்கள், மூலையில் சேனல் சின்னம் தெரிய வேண்டும். கொடுத்த புகாருக்கு எண் தருவார்கள், அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பள்ளிக்குப் பக்கத்து விற்பனை என்றால் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலருக்கு எழுத வேண்டும், பெற்றோர் ஆசிரியர் கழகம் மூலமாகப் போனால் தனி ஆள் புகாரைவிட மதிப்பு. சீரியல் நேர விளம்பரத்துக்கு இப்போதைக்குச் சட்டத்தில் பிடி இல்லை, ஆனால் சத்து, உயரம், ஞாபகசக்தி என்று ஆதாரமில்லாமல் சொன்னால் அது எந்த நேரத்தில் வந்தாலும் தவறான விளம்பரம்தான், அதைத் தாராளமாகக் கொடுக்கலாம். எழுதிய வரைவை இங்கே போடுங்கள், நான் பார்த்துத் தருகிறேன்.